செவ்வகத் தரவுப் போதுமை வினாக்கள்: பிழையின் அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் செவ்வகத்தின் பரப்பளவு வரும் என்பது தெரியாமல் எவரும் போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதில்லை. இருந்தும், யாழ்ப்பாணத்தில் மாலை வகுப்புகளுக்கு வரும் பட்டதாரிகளின் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போது, மற்றக் கணக்குகளில் நன்றாகப் புள்ளி எடுப்பவர்கள்கூடச் செவ்வகம் பற்றிய தரவுப் போதுமை வினாக்களில் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குவதைக் காண்கிறேன். அந்த இடங்கள் சிலவே என்பதால், பிழையின் அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

வினாவின் அமைப்புப் பழக்கமில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு சொல். ஒரு வினாவும் அதன் கீழ் இரண்டு கூற்றுகளும் தரப்படும். முதற்கூற்று மட்டும் போதும், இரண்டாங்கூற்று மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால் மட்டும் போதும், தனித்தனியே எதுவும் போதும், சேர்ந்தாலும் போதாது என்ற ஐந்தில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கணக்கைச் செய்து முடிக்கும்படி யாரும் கேட்பதில்லை; ஒரேயொரு விடைதான் வருமா என்பதே கேள்வி.

கடைசியாகச் செய்த பயிற்சித் தாளை எடுத்து, பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் நீங்கள் எழுதிய விடையையும் சரியான விடையையும் குறித்துக்கொண்டு, கீழே பொருந்தும் தலைப்புக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் உடனே திருத்தக்கூடிய காரணம் முதலிலும், திருத்த நாள் எடுக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

அறிகுறி 1: ஒரு கூற்றே போதுமாக இருக்க, இரண்டும் வேண்டும் என்று எழுதிவிடுகிறீர்கள்

*முதலில் பார்க்க வேண்டியது: கேட்கப்பட்ட கணியம் எது?*

இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வினா பரப்பளவைக் கேட்டிருக்கும். மாணவரோ நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே தேடிக்கொண்டிருப்பார். பரப்பளவு தெரிய வேண்டுமானால் அவற்றின் பெருக்கம் தெரிந்தால் போதும். சுற்றளவுக்குக் கூட்டுத்தொகை போதும். மூலைவிட்டத்துக்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகை போதும். ஆகவே கூற்றுகளை வாசிக்கும் முன்னரே, கேட்கப்பட்டது "பெருக்கம்" என்றோ "கூட்டுத்தொகை" என்றோ "ஒரு பக்கம்" என்றோ தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். இதைச் செய்து பார்த்த பின்னும் பிழை தொடர்ந்தால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

*அதுவும் சரியெனில்: "மாற்றினால்" என்று வரும் கூற்றைப் பிரித்து வாசிக்கத் தெரிகிறதா?*

கீழே உள்ள மூன்று கூற்றுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

(அ) நீளத்தை இருமடங்காக்கினால் பரப்பளவு 150 ச.மீ. ஆல் கூடும்.
(ஆ) நீளத்தை 4 மீற்றரால் கூட்டினால் பரப்பளவு 40 ச.மீ. ஆல் கூடும்.
(இ) நீளம், அகலம் இரண்டையும் 2 மீற்றரால் கூட்டினால் பரப்பளவு 54 ச.மீ. ஆல் கூடும்.

முதலாவதில், கூடிய பகுதி பழைய செவ்வகத்துக்குச் சமன். ஆகவே பரப்பளவு 150 ச.மீ. என்று அந்தக் கூற்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது, ஆனால் நீளத்தையோ அகலத்தையோ பற்றி எதையும் தனியே சொல்லவில்லை. இரண்டாவதில், கூடிய பகுதி 4 மீற்றர் அகன்ற ஒரு பட்டி. அதன் மறுபக்கம் பழைய அகலம். எனவே அகலம் 10 மீ. என்று தெரிகிறது, பரப்பளவு தெரியவில்லை. மூன்றாவதில், இரண்டு பட்டிகளும் மூலையில் 2 × 2 சதுரமொன்றும் கூடுகின்றன. அந்த 4 ச.மீற்றரைக் கழித்தால், நீளத்தின் இருமடங்கும் அகலத்தின் இருமடங்கும் சேர்ந்து 50, அதாவது சுற்றளவு 50 மீ. என்று வருகிறது. ஒரே மாதிரியான சொற்களால் ஆன மூன்று வாக்கியங்கள் பெருக்கத்தையும், ஒரு பக்கத்தையும், கூட்டுத்தொகையையும் தருகின்றன. நீளம் 15, அகலம் 10 என்ற செவ்வகத்துக்கு மூன்றுமே பொருந்தும் என்பதால், வினா அமைப்பவர் இவற்றுள் எந்த இரண்டையும் ஒன்றாகப் போடலாம்.

இவ்வாறான கூற்று வந்தால் செவ்வகத்தைக் கீறி, புதிதாகக் கூடிய பகுதியை மட்டும் நிழற்றிப் பாருங்கள். சமன்பாட்டை விரித்துச் சுருக்குவதிலும் இது விரைவானது.

*எப்போது ஆசிரியரிடம் போவது:* பட்டியைக் கீறிய பின்னும் (இ) போன்ற கூற்றிலிருந்து சமன்பாடு அமைக்க முடியாவிட்டால், குறை ஈருறுப்புக் கோவைகளை விரிப்பதில் இருக்கிறது. தரவுப் போதுமைத் தாள்களை மேலும் மேலும் செய்வதால் அது தீராது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 9, 10 கணித நூல்களில் அந்தப் பகுதியை எடுத்து, சாதாரண தரக் கணிதம் கற்பிக்கும் ஒருவரிடம் சில நாள் இருந்து செய்வதே வழி. பட்டதாரி ஒருவர் தரம் 9 நூலைத் தூக்கிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி 2: "இரண்டு தெரியாக் கணியம், இரண்டு கூற்று, ஆகவே சேர்ந்தால் போதும்" என்று எழுதியது பிழைக்கிறது, சரியான விடை "சேர்ந்தாலும் போதாது"

*காரணம் ஒன்று: இரண்டாங்கூற்று முதற்கூற்றேதான்.*

சுற்றளவு 50 மீ. என்பது முதற்கூற்று, மேலே கண்ட (இ) இரண்டாங்கூற்று. பரப்பளவு கேட்கப்படுகிறது. சமன்பாடுகளை எண்ணுபவர் போதும் என்பார். ஆனால் 10 × 15 உம் 5 × 20 உம் இரு கூற்றுகளையும் நிறைவு செய்கின்றன. ஒன்றின் பரப்பளவு 150, மற்றையதன் பரப்பளவு 100. இதைப் பிடிக்கும் சோதனை எளியது: முதற்கூற்றுக்குப் பொருந்தும் இரண்டு செவ்வகங்களை நீங்களே தெரிவு செய்து, அவற்றை இரண்டாங்கூற்றில் போட்டுப் பாருங்கள். இரண்டும் தப்பிப் பிழைத்து இரு வேறு விடைகளைத் தந்தால் போதாது என்று முடிவாகிவிடும். மறுபுறமாக, நீங்கள் எடுத்த ஒரு சோடி தப்பவில்லை என்பதால் போதும் என்று முடிவு செய்யக்கூடாது. அதற்குச் சமன்பாடுதான் வேண்டும்.

*காரணம் இரண்டு: அளவே இல்லாத கூற்றுகள்.*

நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்கு. சுற்றளவு அகலத்தின் ஐந்து மடங்கு. இவை ஒரே கூற்றின் இரு வடிவங்கள் என்பதோடு, இரண்டிலும் மீற்றரோ அடியோ இல்லை. 3 × 2 உம் சரி, 6 × 4 உம் சரி. வினாவிலும் கூற்றுகளிலும் ஓர் அலகுகூட இல்லாமல் விகிதங்களும் சதவீதங்களும் மடங்குகளும் மட்டும் இருந்தால், செவ்வகத்தை அப்படியே பெருப்பித்தாலும் சிறுப்பித்தாலும் கூற்றுகள் உண்மையாகவே இருக்கும்; அப்போது பரப்பளவைச் சொல்ல வழியில்லை. இரு பரப்பளவுகளின் விகிதம் கேட்கப்பட்டிருந்தால் மாத்திரம் அது போதுமாகலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. "பரப்பளவின் எண்பெறுமானமும் சுற்றளவின் எண்பெறுமானமும் சமன்" என்ற கூற்றில் அளவு இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் நீளம் அகலத்தின் இருமடங்கு என்பதோடு அது சேர்ந்தால் 6 × 3 என்ற ஒரேயொரு செவ்வகம்தான் வரும். பரப்பளவும் சுற்றளவும் பெருக்கும்போது ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதால் அந்தக் கூற்றுக்குள் அளவு ஒளிந்திருக்கிறது.

*காரணம் மூன்று: எதையும் சொல்லாத கூற்று.*

"நீளத்தை 25% ஆல் கூட்டி அகலத்தை 20% ஆல் குறைத்தால் பரப்பளவு மாறாது." உலகத்தில் உள்ள எந்தச் செவ்வகத்துக்கும் இது உண்மை; 1.25 ஐ 0.8 ஆல் பெருக்கினால் 1. இரு பக்கங்களில் ஒன்றை 20% கூட்டி மற்றையதை 20% குறைத்தால் பரப்பளவு 4% குறையும் என்பதும் அத்தகையதே. இவ்வாறான கூற்றைக் கண்டால், மனத்தில் வரும் முதற் செவ்வகத்திலும், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால் கூற்றை முழுவதுமாக அடித்துவிட்டு மற்றைய கூற்றை மட்டும் பார்க்கலாம். வினா அமைப்பவரின் குறும்பில் இது எனக்குப் பிடித்தது. வாக்கியம் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது.

அறிகுறி 3: இருபடிச் சமன்பாடு வந்தவுடன் விடை தடுமாறுகிறது

இந்தத் தலைப்பில் பிழைப்பவர்கள் இரு வகையினர். இருபடிக்கு இரண்டு விடை என்பதால் எப்போதும் போதாது என்று எழுதுபவர்கள் ஒரு வகை. செவ்வகம் என்பதால் ஒரு விடைதான் வரும் என்று எப்போதும் எழுதுபவர்கள் மற்றைய வகை. எந்த வகை என்று உங்கள் தாளிலிருந்து முதலில் கண்டுகொள்ளுங்கள்.

*கேட்கப்பட்ட பக்கத்துக்குப் பெயர் உண்டா என்று பாருங்கள்.*

செவ்வக வளவொன்றின் பரப்பளவு 60 ச.மீ. என்பது முதற்கூற்று, சுற்றளவு 34 மீ. என்பது இரண்டாங்கூற்று. பக்கங்களின் கூட்டுத்தொகை 17, பெருக்கம் 60; ஆகவே பக்கங்கள் 12 உம் 5 உம். இப்போது வினாவை மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள். வளவின் மூலைவிட்டம் என்ன? 13 மீ.; சேர்ந்தால் போதும். நீண்ட பக்கம் என்ன? 12 மீ.; போதும். வீதியோரமாக உள்ள பக்கம் என்ன? 12 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம், சேர்ந்தாலும் போதாது. கூற்றுகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, விடை மாறிவிட்டது. வீதியோரப் பக்கம், வடக்கு எல்லை, கிணற்றுப் பக்கம் என்று ஒரு குறிப்பிட்ட பக்கம் கேட்கப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கங்கள் இடம் மாறினாலும் மாறாத ஒன்று கேட்கப்பட்டிருக்கிறதா என்பதை வினாவின் கீழ் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுமனே "நீளம்" என்று கேட்டால் அது நீண்ட பக்கம்தானா என்று பலரும் கேட்பார்கள். வினாவில் அப்படிச் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; சொல்லப்படாத நிபந்தனையை நாமாகச் சேர்ப்பது இந்த வகை வினாவில் மிகக் கெட்ட பழக்கம்.

*பெயருள்ள பக்கமே கேட்கப்பட்டாலும், மூலங்கள் இரண்டும் நேரானவையா என்று பாருங்கள்.*

பரப்பளவு 60 ச.மீ.; வீதியோரப் பக்கம் மற்றையதிலும் 7 மீ. கூடியது. மற்றைய பக்கத்தை ப என்று கொண்டால் ப² + 7ப − 60 = 0. மூலங்கள் 5 உம் −12 உம். மறைப் பெறுமானமுள்ள பக்கம் இல்லை என்பதால் 5 மாத்திரமே எஞ்சுகிறது. சேர்ந்தால் போதும். தீர்க்க வேண்டிய தேவையும் இல்லை: எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து, வர்க்க உறுப்பை நேராக வைத்தபின், தனி எண் மறையாக இருந்தால் (இங்கே −60) ஒரு மூலம் நேர், மற்றையது மறை, ஆகவே ஒரே விடை. தனி எண் நேராக இருந்தால் (ப² − 17ப + 60 = 0 என்பதில் இருப்பதுபோல) மூலங்கள் இரண்டும் ஒரே குறியுடையவை; அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பரப்பளவோடு வித்தியாசமோ விகிதமோ தரப்பட்டு, எது பெரியது என்றும் சொல்லப்பட்டிருந்தால் பக்கங்கள் தீர்மானமாகிவிடும். பரப்பளவோடு சுற்றளவு தரப்பட்டாலும், மூலைவிட்டத்தோடு சுற்றளவு தரப்பட்டாலும், மூலைவிட்டத்தோடு பரப்பளவு தரப்பட்டாலும், எந்தச் சோடி எண்கள் என்பது தெரியும், எது எந்தப் பக்கம் என்பது தெரியாது.

*இந்த வரியை மனப்பாடம் செய்தவர்களுக்கு:* பரப்பளவு 64 ச.மீ., சுற்றளவு 32 மீ. என்று தந்தால் வீதியோரப் பக்கமும் தெரிந்துவிடும். கூட்டுத்தொகை 16, பெருக்கம் 64. பக்கங்கள் 8 உம் 8 உம். இடம் மாற எதுவுமில்லை. வடிவத்தை மட்டும் பார்த்து எண்ணைப் பார்க்காமல் விடுபவர்கள் இதில் அகப்படுவார்கள்.

*எப்போது ஆசிரியரிடம் போவது:* 17 ஆகக் கூட்டும், 60 ஆகப் பெருக்கும் இரு எண்களைக் காண ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறதென்றால், காரணிப்படுத்துவதில் கை ஓடவில்லை. அது வாசித்துத் தீரும் குறையல்ல. உங்களுக்கு முன்னால் இருந்து கை ஓட்டத்தைப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

அறிகுறி 4: முதற்கூற்று மனத்தை விட்டுப் போகாமல் இரண்டாங்கூற்றிலும் கலந்துவிடுகிறது

"சுற்றளவு 36 மீ." என்று வாசித்தபின் "அகலம் 8 மீ." என்பதை வாசித்து, பரப்பளவு 80 ச.மீ. ஆகவே இரண்டாங்கூற்று மட்டும் போதும் என்று எழுதுபவர்கள் இந்த வகையினர். தாளில் செய்யும்போது முதற்கூற்றை அடிமட்டத்தால் மறைத்துவிட்டு இரண்டாவதை வாசியுங்கள். கணினித் திரையில் நடக்கும் பரீட்சையில் மறைக்க முடியாது. எழுதித் தேய்க்கும் பலகையில் நடுவே ஒரு கோடு கீறி, இரு பக்கங்களிலும் செவ்வகத்தைப் புதிதாகக் கீறிக்கொள்ள வேண்டும். அந்தப் புதிய செவ்வகத்தில் இரண்டாங்கூற்றில் உள்ள எண் மட்டும் இருக்க வேண்டும். சில நாள் பயிற்சியில் தீர்ந்துவிடும் பிழை இது, ஆசிரியர் தேவையில்லை.

அறிகுறி 5: ஒரு கூற்று ஒரு விடையும், மற்றைய கூற்று வேறு விடையும் தருகிறது

வினாவை நம்புங்கள், உங்கள் கூட்டலைச் சந்தேகியுங்கள். ஒழுங்காக அமைக்கப்பட்ட வினாவில் இரு கூற்றுகளும் ஒரே செவ்வகத்தைப் பற்றிய உண்மைகள், அவை முரண்படா. அகலம் 5 மீ. என்று தந்து, சுற்றளவு 34 மீ. என்று முதற்கூற்றிலும் மூலைவிட்டம் 13 மீ. என்று இரண்டாங்கூற்றிலும் சொன்னால், நீளம் இரண்டிலும் 12 வர வேண்டும். ஒன்றில் 29 வந்தால் சுற்றளவைப் பாதியாக்க மறந்துவிட்டீர்கள். அடுத்து அதிகம் நிகழ்வது, மூலைவிட்டத்தை வர்க்கிக்காமல் கழிப்பது. இந்த இரண்டும் இல்லையென்றால் வினாத்தாளில் அச்சுப்பிழை இருக்கலாம். உள்ளூரில் தட்டச்சுச் செய்து விற்கப்படும் பயிற்சித் தாள்களில் அது அரிதல்ல. அந்த வினாவோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 6: நிறைவெண், சதுரம், மூலைவிட்டம் ஆகியவை வரும் வினாக்களில் மட்டும் பிழைக்கிறது

*"நிறைவெண்" என்ற சொல் வினாவின் தொடக்கத்தில் உள்ளதா?* அது இருந்தால் ஒற்றைக் கூற்று போதுமாகிவிடும் வாய்ப்பு அதிகம். பக்கங்கள் நிறைவெண் மீற்றர்கள் என்றும் பரப்பளவு 13 ச.மீ. என்றும் தந்தால், 13 முதன்மை எண் என்பதால் பக்கங்கள் 13 உம் 1 உம், சுற்றளவு 28. பரப்பளவு 12 ச.மீ. என்றால் 12 × 1, 6 × 2, 4 × 3 என்று மூன்று செவ்வகங்கள். சுற்றளவு 26, 16, 14. போதாது.

*சதுரத்தை விலக்கிவிட்டீர்களா?* சதுரமும் செவ்வகமே. பக்கங்கள் நிறைவெண்கள், சுற்றளவு 8 மீ. என்றால் 3 × 1 உம் உண்டு, 2 × 2 உம் உண்டு. நீளம் அகலத்திலும் கூடியது என்று வினா சொன்னால் மட்டும் இரண்டாவது விலகும்.

*மூலைவிட்டம் 5 என்றதும் 3, 4 என்று எழுதுகிறீர்களா?* மேசன்மார் கட்டடத்துக்கு மூலை பிடிக்கும்போது 3, 4, 5 என்று கயிறு இழுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த மூன்று எண்களும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. நிறைவெண் நிபந்தனை இல்லாவிட்டால், மூலைவிட்டம் 5 மீ. உள்ள செவ்வகத்தின் பரப்பளவு பூச்சியத்துக்கு மேல் 12.5 ச.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். நிறைவெண் நிபந்தனை இருந்தாலும் அவசரப்பட முடியாது. மூலைவிட்டம் 13 என்றால் 5, 12 மட்டும்தான். மூலைவிட்டம் 25 என்றால் 7, 24 உம் பொருந்தும், 15, 20 உம் பொருந்தும். பரப்பளவு ஒன்றில் 168, மற்றையதில் 300. ஆகவே நிறைவெண் சோடிகளைத் தேடும்போது ஒன்று கிடைத்ததும் நின்றுவிடாமல் கடைசி வரை தேடுங்கள்.

அறிகுறி 7: "கூடியதா?", "குறைந்ததா?" என்று கேட்கும் வினாக்களில் பிழைக்கிறது

காரணம் அநேகமாக ஒன்றே: "இல்லை" என்ற திட்டமான விடையைப் போதாது என்று குழப்பிக்கொள்வது. செவ்வகத்தின் பரப்பளவு 150 ச.மீற்றரிலும் கூடியதா? முதற்கூற்று: சுற்றளவு 48 மீ. இரண்டாங்கூற்று: மூலைவிட்டம் 20 மீ.

ஒரே சுற்றளவுள்ள செவ்வகங்களுள் சதுரத்துக்கே பரப்பளவு அதிகம். சுற்றளவு 48 என்றால் 12 × 12, அதாவது அதிகபட்சம் 144 ச.மீ. ஆகவே பரப்பளவு எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் 150 ஐத் தாண்டாது என்பது உறுதி, முதற்கூற்று போதும். மூலைவிட்டம் 20 ஆக இருக்க 16 × 12 எடுத்தால் 192 ச.மீ.; அகலம் 1 மீ. என்று எடுத்தால் நீளம் 20 ஐ எட்டாது, பரப்பளவும் 20 ச.மீற்றருக்குள் அடங்கும். ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை, இரண்டாங்கூற்று போதாது. விடை: முதற்கூற்று மட்டும்.

இந்த வகை வினாவில் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் "எப்போதும் ஆம்", "எப்போதும் இல்லை", "சிலவேளை" என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். முதல் இரண்டும் போதும், மூன்றாவது போதாது. இவ்வளவும் செய்தும் பிழைத்தால், வினாவை மொழி அளவில் விளங்கிக்கொள்ளவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் ஜீமேற் (GMAT, முகாமைத்துவப் பட்டப்பின் படிப்புக்கான அனுமதிப் பரீட்சை) போன்ற பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவர் அந்த நிலையில் போக வேண்டியது கணித ஆசிரியரிடம் அல்ல, ஆங்கில ஆசிரியரிடம்.

அறிகுறி 8: படம் இருந்தால் பிழைக்கிறது, படம் இல்லாவிட்டால் சரியாக வருகிறது

படத்தில் நேர்கோணம்போலத் தெரிவதை நேர்கோணம் என்று எடுத்துக்கொள்வதே காரணம். எதிர்ப்பக்கங்கள் 10 மீ., 15 மீ. என்று சமமாக உள்ள நாற்பக்கல் இணைகரமாகும். அதைச் சரித்துச் சரித்துப் பரப்பளவை 150 இலிருந்து பூச்சியத்துக்குக் கிட்டவரை கொண்டுபோகலாம். மூலைவிட்டங்கள் சமன் என்பது மட்டும் தந்தாலும் செவ்வகம் ஆகாது. இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமனே. இரண்டும் சேர்ந்தால்தான் செவ்வகம் உறுதியாகி 150 ச.மீ. நிற்கும். நம்மூர்க் காணிகளை அளந்து பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும்: எதிரெதிர் வேலிகள் அளவொத்திருந்தும் மூலை சரிந்த வளவுகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. "செவ்வகம்" என்ற சொல் வினாவில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது கூற்றிலிருந்து நிறுவ முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் படத்தை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 9: விடைகள் சரி, நேரம் போதவில்லை

*எளிய காரணம்: கடைசி வரை தீர்க்கிறீர்கள்.* ஒரு செவ்வகக் காணியின் பரப்பளவு 2 பரப்பு (பரப்பு என்பது யாழ்ப்பாணத்துக் காணி அளவு), வீதியோரப் பக்கம் 66 அடி; சுற்றளவு என்ன என்று கேட்டால், ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி என்று தொடங்கி, 5445 ஐ 66 ஆல் வகுத்து 82.5 எடுத்து, சுற்றளவு 297 அடி என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பரப்பை அடியாக மாற்ற முடியும் என்பதும், பரப்பளவும் ஒரு பக்கமும் தெரிந்தால் மற்றப் பக்கம் வரும் என்பதும் தெரிந்தவுடனேயே "சேர்ந்தால் போதும்" என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குக் கணிப்பானையும் தாளின் ஓரத்தில் செய்யும் பெருக்கலையும் ஒதுக்கி, வகுத்தல் பெருக்கல் எதையும் செய்யாமல் விடையை மட்டும் குறிக்கும் பயிற்சியைச் செய்து பாருங்கள்.

*அடுத்த காரணம்: நிற்க வேண்டிய இடம் தெரியவில்லை.* ஒருபடிச் சமன்பாடு என்றால் தீர்க்காமல் நிற்கலாம். இருபடி என்றால் குறிகளைப் பார்க்கும் வரை போக வேண்டும். நிறைவெண் நிபந்தனை என்றால் சோடிகளை எழுதித்தான் ஆக வேண்டும். அங்கே நேரம் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் விடை போய்விடும்.

*பரீட்சையையே தவறாக எடுத்திருக்கலாம்.* 2023 இறுதியில் வந்த புதிய ஜீமேற் வடிவத்தில் தரவுப் போதுமை வினாக்கள் 45 நிமிடத்தில் 20 வினா கொண்ட தரவு நுண்ணாய்வுப் (Data Insights) பகுதிக்குள் மாற்றப்பட்டன. கணிதப் பகுதியிலிருந்து கேத்திரகணிதம் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பரீட்சையை மட்டும் எழுதுபவர் பழைய செவ்வக வினாக்களில் மாதக்கணக்காக இருப்பது வீண். போதும், போதாது என்று தீர்மானிக்கும் பழக்கம் கைவரும் அளவுக்குச் செய்துவிட்டு, அட்டவணைகளும் சதவீதங்களும் வரும் வினாக்களுக்குப் போகலாம்.

ஆசிரியரிடம் எதைக் கொண்டுபோவது

மேலே சொன்ன சோதனைகளை ஒழுங்காகச் செய்தும் ஒரே தலைப்பின் கீழ் வினாக்கள் தொடர்ந்து பிழைத்துக்கொண்டிருந்தால், தனியே முயல்வதை நிறுத்துவதே நல்லது. போகும்போது திருத்தி எழுதிய சுத்தப் பிரதியைக் கொண்டுபோக வேண்டாம். பிழைத்த வேளையில் எழுதிய கிறுக்கலையே, அடித்த கோடுகளோடு கொண்டுபோங்கள். சரியான விடையைப் பார்த்தபின் எழுதிய விளக்கத்தில் பிழை எங்கே நுழைந்தது என்பது மறைந்துவிடும். வினாவில் கேட்கப்பட்ட கணியம், நீங்கள் தெரிவு செய்த விடை, எடுத்த நேரம் என்ற மூன்றும் ஒவ்வொரு வினாவின் தலையிலும் இருந்தால், பழக்கமுள்ள ஆசிரியர் கொப்பியைப் புரட்டும்போதே எந்தத் தலைப்பில் தொடங்குவது என்று சொல்லிவிடுவார். குழு வகுப்பில் இதைக் கேட்க நேரம் கிடைக்காது. வகுப்பு முடிந்தபின் கால் மணி நேரம் தனியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.